சம்பந்தி எழுதிய வீட்டு நாடகங்கள்

ஏலப்பாறை
14 ஜூலை 2024

மதிப்புக்குரிய சம்பந்தி நஞ்சப்பன் அவர்களுக்கு, சின்னமுத்து வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேலந்தாவளத்தில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. உங்கள் மகள் இந்துவும் என் மகன் மாரீஸ்வரனும் சுகம். காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வாகமண் ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் நனைந்த கோழிகளாக வீடு திரும்புகிறார்கள்.

சாந்தம்மாளுக்கு மே மாதக் கடைசியில் வாதம் அடித்ததை இந்து சொல்லியிருப்பாள். நீங்கள் கொடுத்தனுப்பிய மாம்பழக் கூடை வந்து சேர்ந்தது. நேரில் வருவீர்கள் என்று பார்த்தோம். சந்தை வேலை இருந்திருக்கும்.

இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலது கை மெதுவாகத் தேறும் என்கிறார்கள். பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடுகிறது. தேயிலைக் கொழுந்துக் காட்டில் அடுத்த மலையில் நிற்பவளை இங்கிருந்தே கூப்பிடுகிற தொண்டை, சம்பந்தி. இப்போது குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைக் காட்டுகிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டின்சி என்ற பெண் நல்ல பிள்ளை. ஆனால் அவள் தரும் தாள்களெல்லாம் மலையாளம். யானைப் படம், மாங்காய்ப் படம், கீழே மலையாளத்தில் பெயர். சாந்தம்மாளுக்கு மலையாளம் தெரியாதா என்ன, கடையிலும் ஆபீசிலும் வெளுத்து வாங்குவாள். இருந்தாலும் அந்தத் தாளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைசியில் டின்சியே சொன்னாள்: "சேட்டா, தாளை விடுங்க. வீட்டில எல்லாரும் சேர்ந்து சின்ன நாடகம் போடுங்க. அஞ்சு நிமிஷம் மதி, போதும். அம்மாவுக்கு ரெண்டு வரி கொடுங்க. ஆள் முன்னால நின்னு பேசினா வார்த்தை தானா கூட வரும். முதல் ஆறு மாசத்தில எவ்வளவு வருதோ அதுதான் பெரிசு."

நாடகத்துக்கு எங்கே போவது என்று விழித்தேன். "எங்கப்பா எழுதுவாருங்க மாமா. எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு வருசா வருசம் அவருதான் எழுதி, அவரே கோமாளி வேசமும் கட்டுவாரு" என்றாள் இந்து.

கல்யாணத்துக்கு அப்புறம் நாம் இருவரும் பேசிக்கொண்டதே குறைவு. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. போன் சரிப்படாது, எதுவானாலும் எழுதுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் எழுதுகிறேன். நான்கு பேர் நடிக்கிற மாதிரி ஒன்று எழுதி அனுப்பினால் பெரிய உபகாரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னமுத்து


வேலந்தாவளம்
21 ஜூலை 2024

அன்புள்ள சம்பந்திக்கு, நஞ்சப்பனின் வணக்கம்.

நான் சௌக்கியம். முழங்கால் அதன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு இப்படி ஆனதில் எனக்கு மனது சரியில்லை. கல்யாணப் பந்தியில் அவர் ஒருவர் குரலுக்கே பரிமாறுகிறவர்கள் ஓடியதை நான் பார்த்தவன்.

நாடகம் என்று கேட்டுவிட்டீர்கள். இனி கவலையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். இந்த வட்டாரத்தில் மாட்டுத் தரகர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். தரகும் பார்த்து நாடகமும் எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். மூன்றே நாளில் எழுதி முடித்து இத்துடன் அனுப்புகிறேன். பெயர், "கோபம் தணிந்த ராணி". ராஜாவாக நீங்கள், மந்திரியாக மாப்பிள்ளை, தோழியாக இந்து. ராணி வேடம் சம்பந்தியம்மாவுக்குத்தான். வசனம் அதிகமாக இருக்குமோ என்று பயப்படாதீர்கள், ராணிக்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் கனமான வரி: "மன்னா, மங்கையர்க்கரசியாம் என் மனம் மகிழ்ந்தது."

ராஜா நடக்கும்போது நெஞ்சை நிமிர்த்த வேண்டும். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டுங்கள். மந்திரி சிரிக்கக் கூடாது. மாப்பிள்ளை சிரிப்பார், கண்டிக்கவும்.

சந்தை நாள் தவறக் கூடாது என்பதால் இப்போது வர இயலவில்லை. மலைக் குளிரும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சம்பந்தியம்மா மகாராணியாகவே எழுந்து நிற்பார்.

நஞ்சப்பன்


ஏலப்பாறை
11 ஆகஸ்ட் 2024

மதிப்புக்குரிய சம்பந்திக்கு வணக்கம். எல்லோரும் சுகமே. நீங்களும் சுகம் என்று இந்து சொன்னாள். அவள் போன் செய்தால் நீங்களே நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்களாம், அவளைப் பேச விடுவதில்லையாம். பிள்ளைக்கு வருத்தம். அப்பனும் மகளும் உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடகம் போட்டோம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"மந்திரி, மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று நான் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன். அப்போது எங்கள் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரன் வசனத்தை மறந்து சிரித்தான். இந்து வாளியை எடுத்து வைக்க ஓடினாள். ராணி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் வரியை நாங்கள் எத்தனை தடவை எடுத்துக் கொடுத்தும் "ம... ம..." என்றுதான் வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர்.

ஒன்று மட்டும் நல்லது நடந்தது. ராஜா ராணியைச் சமாதானம் பண்ணுகிற இடத்தில் "ஏனுங்க ராணி, கோவமுங்களா?" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? உங்கள் ஊர் ராஜா அப்படிக் கேட்பார் போலிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் ஒரு 'ங்க' போட்டவனில்லை. அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, ஆனாலும் சிரிப்பு. வாதம் வந்த பிறகு நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு. அடுத்த வீட்டு அழகுத்தாய் என்ன சத்தம் என்று ஓடி வந்து, அவளும் நின்று பார்த்தாள்.

டின்சியிடம் சொன்னேன். ராணி வசனம் அவள் வாய்க்கு ஏறாது, தினமும் பழகிய வார்த்தைதான் முதலில் திரும்பும் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக உங்கள் நாடகத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சின்னமுத்து


வேலந்தாவளம்
17 ஆகஸ்ட் 2024

சம்பந்திக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறேன். அரண்மனைக்கு எழுதுவதாக நினைத்து எழுதிவிட்டேன், வீட்டுக்கு எழுதவில்லை.

அடங்காத மாட்டைக் கயிற்றைப் பிடித்து இழுப்பவன் தரகன் அல்ல. அது எந்தக் குரலுக்குத் திரும்பும் என்று கேட்டுத் தெரிந்துகொள்பவன்தான் தரகன். சம்பந்தியம்மாவை மாட்டோடு ஒப்பிட்டதாக இந்துவிடம் சொல்லிவிடாதீர்கள், என்னை உயிரோடு விட மாட்டாள்.

எனக்கு ஒன்று வேண்டும். சம்பந்தியம்மா காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வழக்கமாக என்னென்ன சொல்லுவார்? திட்டுவது, கூப்பிடுவது, அலுத்துக்கொள்வது, எல்லாம். அவர் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். மெருகு போட வேண்டாம். பக்கத்திலேயே இருப்பவர் நீங்கள், ஒரு நாள் போதும்.

சம்பந்தியம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நஞ்சப்பன்


ஏலப்பாறை
22 செப்டம்பர் 2024

சம்பந்திக்கு வணக்கம். ஓணம் முடிந்து இப்போதுதான் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒரு நாள் போதும் என்றீர்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் மழை இல்லை, வேலை இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை.

சத்தம் ஞாபகம் இருக்கிறது. அவள் பேசிக்கொண்டே அடுப்படியில் நடமாடியது ஞாபகம் இருக்கிறது. என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியவில்லை. ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்துகிற காற்றாடிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், வீட்டுக்கு வந்தும் அவள் பேச்சைக் காற்றாடிச் சத்தமாகவே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. ஃபேக்டரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், சம்பந்தி. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்புறம் வெட்கத்தை விட்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். "எங்க சாந்தம்மா என்ன சொல்லுவா?" என்று கேட்டால் பெண்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு சொல்கிறார்கள். அவளோடு கொழுந்து எடுக்கிறவர்கள் சொன்னது: "ஏட்டி, பையில கொழுந்த அமுக்காத. வெந்து போவும்." அட்டை கடித்ததென்று கூச்சல் போடும் புதுப்பெண்களிடம், "உப்ப வைட்டி, பாட்டுப் படிக்காத." மாரீஸ்வரனிடம், "தொவச்ச சட்டைய மழையில போட்டுட்டு எங்கலே போற?" இந்துவிடம் சொல்வதை இந்துவே சொன்னாள்: "சாப்ட்டியா தாயி? பொய் சொல்லாத, சட்டிய பாத்துட்டேன்." இதைச் சொல்லும்போது உங்கள் மகள் அழுதுவிட்டாள்.

என்னிடம் என்ன சொல்லுவாள் என்று அழகுத்தாயிடம் கேட்டேன். சொல்லத் தயங்கினாள். வற்புறுத்தினேன். "அண்ணாச்சி, உங்ககிட்ட சொல்லுதது தெரியாது. உங்களப் பத்தி எங்ககிட்ட ஒண்ணுதான் சொல்லுவா. 'அவுக கேக்க மாட்டாக'ன்னு."

இதையும் எழுதிவிட்டேன். நீங்கள் மெருகு போட வேண்டாம் என்றதால்.

சின்னமுத்து


வேலந்தாவளம்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள சம்பந்திக்கு வணக்கம். உங்கள் உடம்பும் மனதும் தேற வேண்டும். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழகுத்தாய் சொன்ன வார்த்தையை மட்டும் மூடி வைத்துவிட்டுப் படித்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

இரண்டாவது நாடகம் இத்துடன் இருக்கிறது. பெயர், "கொழுந்து எடை". இதில் நீங்கள்தான் சாந்தம்மாள். அவர் கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டுகிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவருடைய தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள். மீசையை எடுக்கத் தேவையில்லை.

அழகுத்தாய்: மதினி, பை நெறஞ்சிட்டு. இன்னும் எடம் இல்ல.
சாந்தம்மாள் (சின்னமுத்து): அப்படின்னா நல்லா அமுக்கு. ஏறி மிதி.
அழகுத்தாய்: கால்ல அட்டை ஏறிட்டு மதினி!
சாந்தம்மாள் (சின்னமுத்து): நல்ல பாட்டாப் படி.
மாரீஸ்வரன்: அம்மா, சட்ட நனையுது.
சாந்தம்மாள் (சின்னமுத்து): நல்லா நனையட்டும்ல.

புரிகிறதல்லவா? எல்லாவற்றையும் தப்பாகச் சொல்ல வேண்டும். முழு நம்பிக்கையோடு தப்பாகச் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மா எடை பார்க்கிற சூப்பர்வைசராக முன்னால் உட்கார்ந்திருக்கட்டும். அவருக்கு நான் வசனம் எழுதவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் பிறகு நீங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பாருங்கள். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நீங்கள் அவசரப்பட்டால் நாடகம் கெட்டது.

கோமாளி வேசம் கட்டியவன் சொல்கிறேன், கேளுங்கள்: ஊர் சிரிக்கிறது என்று கூசினால் வேசம் எடுபடாது.

நஞ்சப்பன்


ஏலப்பாறை
20 அக்டோபர் 2024

சம்பந்தி! வணக்கம், சுகம், எல்லாம் அப்புறம். அவள் பேசினாள்.

சாக்கைக் கட்டினேன். தொப்பி என் தலைக்குச் சேரவில்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இத்தனை பேர் கூடியது கல்யாணத்தன்றுதான். "நல்லா அமுக்கு, ஏறி மிதி" என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுதியபடி சும்மா இருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சிவந்தது. வாய் கோணியது. இந்து எடுத்துக் கொடுக்கப் போனாள், நான் கண்ணால் அடக்கினேன். அரைப்படி அரிசி வேகிற நேரம் ஆனது போல எனக்கு இருந்தது.

இடது கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள். "அமு... அமு... அமுக்காத!" என்றாள்.

அழகுத்தாய் அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கு அடி வலிக்கவே இல்லை. அன்றே மறுபடி போடச் சொல்லி அவளே சாக்கைக் காட்டினாள். இப்போது தினம் ஒருமுறை போடுகிறோம். "உப்ப வை" வந்துவிட்டது. "எங்கலே போற" வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடம் கேட்டுச் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. நாடகத்தில் வருகிற வார்த்தை நாடகம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. தண்ணீருக்கு இன்னமும் கையைத்தான் காட்டுகிறாள். அவளாக நினைத்து, அவளாக ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் அடுத்த படி என்கிறாள் டின்சி. ஆறு மாதம் நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தீபாவளிக்கு வாருங்கள். உங்களை அவளுக்கு நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. உங்கள் கடிதக் கவரைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "எங்கப்பா வரமாட்டாருங்க மாமா" என்கிறாள் இந்து. கல்யாணமாகி நீங்கள் ஒரு தடவையும் இந்தப் படி ஏறவில்லை. லயத்து வீடுதானே என்று இருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. தப்பானால் மன்னியுங்கள்.

சின்னமுத்து


வேலந்தாவளம்
28 நவம்பர் 2024

சம்பந்திக்கு வணக்கம். நான் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தீபாவளிக்கு வர முடியவில்லை, காரணம் எழுதினால் நீளும்.

டிசம்பர் நடுவில் வருகிறேன். நானே நடிக்கிறேன். சந்தையில் மாடு விற்கிற நாடகம். விற்பவன் நான், வாங்குகிறவர் சம்பந்தியம்மா, மாடு மாப்பிள்ளை. எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வோம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே இதில் யாருக்கும் வசனம் இல்லை. வசனம் இல்லாத நாடகமா என்று கேட்பீர்கள். எனக்கு அதுதான் வசதி.

சம்பந்தியம்மாவின் இடது கையைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். நான் லேசில் இறங்க மாட்டேன்.

நஞ்சப்பன்


ஏலப்பாறை
27 டிசம்பர் 2024

நஞ்சப்பன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனதில்லை.

நீங்கள் வந்தது எங்களுக்குச் சந்தோஷம். துண்டு நாடகத்தில் அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். மாரீஸ்வரன் மாடாக நின்று கத்தியதும், நீங்கள் அவன் பல்லைப் பிடித்துப் பார்த்ததும், அவள் துண்டுக்கு அடியில் உங்கள் விரலை முறுக்கி விலையைக் குறைத்ததும் லயம் முழுக்கப் பேச்சு. ஆனால் நாடகம் முடிந்ததும் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். நாங்கள் கூடி உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினீர்கள். "அப்பா, தோசையா சோறா?" என்று இந்து கேட்டதற்கு "ஆமா கண்ணு" என்றீர்கள். எங்கள் பேச்சு உங்களுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதையும் பொறுத்தேன்.

குமுளி பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட வந்தோம். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். உங்கள் குடை இந்துவின் கையிலேயே இருந்துவிட்டது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பஸ் கிளம்பியது.

"அண்ணாச்சி! குடைய விட்டுட்டுப் போறியளே!"

சொன்னது சாந்தம்மாள். எந்த நாடகத்திலும் இல்லாத வரி. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளாகப் பார்த்து, அவளாக நினைத்து, முழுசாகச் சொன்னாள். இந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். சாந்தம்மாள் மறுபடியும் "அண்ணாச்சி!" என்று கத்தினாள். நீங்கள் கை எட்டுகிற தூரத்தில் இருந்தீர்கள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தலை கூடத் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது.

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தான் பேசியதாக நினைத்துக்கொண்டது தன் பிரமை என்று அவள் நம்பிவிட்டாள். வந்தது, நாங்கள் கேட்டோம் என்று எவ்வளவோ சொன்னோம். தனக்காகப் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்து போன் செய்தால் "வந்து சேந்துட்டேன் கண்ணு" என்று வைத்துவிட்டீர்களாம்.

ஆறு மாதமாக அவள் பட்ட பாடெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் உங்களுக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

சின்னமுத்து


வேலந்தாவளம்
4 ஜனவரி 2025

தங்கச்சி சாந்தம்மாளுக்கும் சம்பந்திக்கும் நஞ்சப்பன் கும்பிட்டு எழுதுவது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். சம்பந்தி, இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

தங்கச்சி, எனக்குக் காது கேட்காது.

சம்பந்தி எழுதிய பழமொழி நிஜம். நாலு வருசம் முன்பு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வலது காது சுத்தமாக இல்லை, இடது காதில் ஏதோ இரைச்சல் வரும். இந்துவுக்குத் தெரியாது. அவள் அம்மா இருந்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாள். முகத்தைப் பார்த்து ஒருவர் பேசினால் உதட்டை வைத்துப் பிடித்துக்கொள்வேன். நாலு பேர் கூடிப் பேசினால் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. போனில் மகள் என்ன சொல்கிறாள் என்று தெரியாது, அதனால்தான் நானே பேசி நானே வைத்துவிடுவேன். சந்தையில் துண்டுக்கு அடியில் விரல்தான் பேசுகிறது என்பதால் பிழைப்பு ஓடியது. செவிட்டுத் தரகன் என்று பெயர் விழுந்தால் எவன் என்னை நம்பி மாட்டைக் கொண்டு வருவான் என்று மறைத்தேன்.

லயத்து வீடுதானே என்று நினைக்கிறேனோ என்று சம்பந்தி கேட்டார். கல்யாணத்தின்போது கொஞ்சம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வராதது என் காது அம்பலமாகிவிடும் என்ற பயத்தில்தான்.

நீ கூப்பிட்டாய் என்பதைக் கடிதத்தில்தான் படித்தேன். உன் சத்தம் வந்திருக்கிறது. நல்ல காதுள்ள அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். நீ முதன்முதலாகச் சொந்தமாகச் சொன்ன வார்த்தை எனக்கானது, அது எனக்கு மட்டும் கேட்கவில்லை. இனி எந்த வைத்தியத்திலும் அது எனக்குத் திரும்பக் கிடைக்காது. என் வெட்கத்துக்காக உன் வாயை மூட வைத்துவிட்டேனே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

இந்துவுக்கு நேற்றே தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். சந்தையில் டீக்கடை முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன், எனக்குக் காது கேட்காது, வேண்டியவன் வா, வேண்டாதவன் போ என்று. ஒருத்தன் முன்னால் வந்து என் முகத்துக்கு நேராக நின்று, "எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலீங்க" என்றான். இத்தனை நாள் நான் ஆடிய நாடகத்துக்கு ஊரே சும்மா உட்கார்ந்து கை தட்டியிருக்கிறது.

பாலக்காட்டில் காது வைத்தியரைப் பார்க்கப் போகிறேன். மிஷின் மாட்டினால் கொஞ்சம் கேட்குமாம். தங்கச்சி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பேசு.

நஞ்சப்பன்


ஏலப்பாறை
26 ஜனவரி 2025

அண்ணன் நஞ்சப்பன் அவர்களுக்கு, சின்னமுத்து வணக்கம். காது வைத்தியர் என்ன சொன்னார்? மிஷின் வந்ததா? இந்து உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள், பிறகு உங்களைத் திட்டினாள், பிறகு லீவு கேட்டாள். சனிக்கிழமை அங்கே வந்து நிற்பாள், தயாராக இருங்கள். நான் கோபத்தில் எழுதிய வார்த்தைக்கு என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அவள் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். நான் இட்டுக்கட்டிப் படிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். உங்கள் எழுத்துத்தான் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தாள். முழுவதையும் கேட்டாள். என் பக்கம் திரும்பி, "காது... அவுகளுக்கா?" என்றாள்.

"ஆமா."

"என் சத்தம்... வந்திச்சா?"

"வந்துச்சுட்டி. பஸ் நிறுத்தத்துல பூ விக்கிறவ கூடத் திரும்பிப் பாத்தா."

அழுதாள், ஒரு பக்க வாயால் சிரித்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள், அண்ணே. கையைக் காட்டவில்லை. "தண்ணி" என்றாள். நான் செம்பை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

ஆறு மாதம் தாண்டிவிட்டதே என்று டின்சியிடம் கேட்டேன். தாண்டினால் கதவு பூட்டிவிடும் என்று நான் சொன்னேனா, இனிமேலும் வரும், நிதானமாக வரும் என்றாள். நிதானமாகத்தான் வருகிறது. உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள். பொங்கல் கழிந்ததிலிருந்து சாயங்காலம் தோறும் அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சில நாள் ஒரு வரி, சில நாள் ஒரு வார்த்தை. அவள் தேடிக்கொண்டிருக்கும்போது நான் பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள், எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று. இனி எழுதியிருப்பது அவள் சொன்னது.

அண்ணாச்சி. நான் சாந்தம்மா. நல்லா இருக்கேன். கால் நடக்கு. காது கேக்கலன்னா சொல்லப்பிடாதா? எங்ககிட்ட என்ன வெக்கம். எனக்கும் வாய் இல்லாமத்தான் இருந்திச்சு. ஊரே வேடிக்கை பாத்திச்சு. ஒண்ணும் ஆவல. இந்து பாவம், அவகிட்ட இனி மறைக்காதிய. மாட்டுக்குப் பின்னால நிக்காதிய, சத்தம் கேக்காது, ஒதச்சிரும். எங்க வீட்டுக்கு வந்தா நான் மூஞ்சிக்கு நேரா உக்காந்து சொல்லுவேன். மெதுவாத்தான் சொல்லுவேன். இப்ப எனக்கு அப்படித்தான் வருது. உங்களுக்கும் அதான தோது.

அண்ணே, இதற்குக் கீழே நான் என் பங்குக்கு, 'ஆகவே தாங்கள் அவசியம் வருகை தந்து எங்களைக் கௌரவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"அப்பிடியா... சொன்னேன்?"

இல்லை என்றேன்.

"அடிங்க அத."

கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, வாங்க.

சாந்தம்மாள்